காது வைத்த பதக்கம்

தெற்காவணி மூல வீதி, இரண்டாம் மாடி.
நகையை எந்திரத்துக்குள் வைத்து மூடுவேன்.
முப்பது நொடியில் சொல்லிவிடும்,
வெள்ளி இத்தனை, செம்பு இத்தனை.
சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது நான்.

சம்பளத்தில் பாதி எங்கே போகிறதென்று
வீட்டில் யாருக்கும் தெரியாது.
தெரியும். கேட்பதில்லை.
பிஸ்கட் டப்பாவில் பஞ்சு விரித்து
இங்கிலாந்தைப் படுக்க வைத்திருக்கிறேன்.
தலை போன சார்லஸ்,
அந்தத் தலை திரும்பி வந்ததுபோல்
முடிசூட்டிக்கொண்ட மகன்,
ஆன் ராணியின் இரட்டைத் தாடை,
ஒரே வட்டத்துக்குள் நெருக்கி உட்கார்ந்த
வில்லியமும் மேரியும்.
எல்லாரும் ஸ்காட் ரோடு தபாலாபீசில்
தீர்வை கட்டி நான் மீட்டவர்கள்.
"மெடலா? சார் என்ன வெளையாட்டு?"
என்றார் கவுண்டரில் இருந்தவர்.
கையில் அன்று இரண்டாம் ஜேம்ஸ்.
"ஓட்டம். நான் இல்ல, இவரு.
நாட்ட விட்டே ஓடுனாரு."

ஒன்று மட்டும் தபாலில் வரவில்லை.
வைகாசியில் ஒரு மத்தியானம்
உசிலம்பட்டி பக்கத்து ஒச்சம்மாள்
மாடியேறி வந்து
மஞ்சள் பையைக் கவிழ்த்தாள்.
அறுந்த கொலுசு, மெட்டி, நெளிந்த பால்சங்கு,
இவற்றோடு உருண்டு வந்து
மேசை விளிம்பில் நின்றது அது.
ஒரு தொட்டில். அதில் அம்மணக் குழந்தை.
இரண்டு கையிலும் பாம்பு.
கழுத்தை நெரிக்கிறது, சிரமமே இல்லாமல்.

"கண்ணன் சார். எங்க வீட்ல
எல்லாப் புள்ளைக்கும் அரணாக்கயித்துல கட்டுவோம்.
பூச்சி பொட்டு அண்டாது."
உச்சியில் பெரிதாக ஒரு காது,
எந்த ஊர்ப் பத்தரோ பற்ற வைத்தது.
மறுபுறம் ஒன்றுமில்லை.
எத்தனையோ குழந்தை வயிறுகள்
தேய்த்துத் தின்ற வழவழப்பு.
"கெணத்து மோட்டார்ல காயில் கருகிப்போச்சு.
இல்லாட்டி விப்பேனா?"

எனக்கு இந்தத் தொட்டிலைத் தெரியும்.
ஆயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டு, ஜூன் மாதம்.
ராஜாவுக்கு ஆண்பிள்ளை.
ராணி சுமக்கவே இல்லை, என்றது ஊர்.
படுக்கையைச் சூடாக்கும் கரிச்சட்டிக்குள் வைத்து
யாரோ பெற்றதைக் கொண்டுவந்தார்கள், என்றது.
வருஷம் முடியுமுன்
இரவோடு இரவாகக் கடல் தாண்டிய பிள்ளை
கடைசிவரை முடிசூடவில்லை.

எண்பத்து மூன்றில் என் சித்தப்பா
மதுரை சப் கோர்ட்டில் போட்ட பிராதில்
நான் தூக்குவாளியில் வந்தேன்.
பெரியாஸ்பத்திரி ஆயா ஒருத்தி
ஈரத்துணி போட்டு மூடிக் கொண்டுவந்தாளாம்.
பத்தி ஏழு. டைப் அடித்து, ஸ்டாம்பு ஒட்டி.
பதினோரு வருஷம். ஜெயித்தோம்.
அரை வீடும் ஒரு கிணறும்.
சித்தப்பா சாகும்வரை என்னை
வாளி என்றுதான் கூப்பிட்டார்.
அம்மா கூண்டில் ஏறி
"எம்புள்ள" என்றாள்.
குறுக்கு விசாரணை முழுக்க அதையே.

எந்திரத்துக்குள் வைத்தேன்.
குழந்தை தொண்ணூற்றிரண்டரை.
காது மட்டும் மட்டம், செம்பு கூட.
லண்டனில் வாங்கித் தரும் ஆளுக்குப் படம் அனுப்பினேன்.
காது இருப்பதால் கால் விலை,
அறுத்துத் தேய்த்தாலும் தழும்பு தெரியும், என்று பதில்.
கீழ்க்கடை பத்தர்
அரம் எடுத்துவிட்டார்.
வைங்க, என்றேன்.

எடைக்குக் காசு எண்ணிக் கொடுத்தேன்.
அவள் போனபின்
உட்கார முடியவில்லை.
படியில் ஓடிப்போய் நிறுத்தினேன்.
இன்னும் ஆறாயிரம். சட்டைப்பையில் இருந்தது அவ்வளவுதான்.
"எதுக்கு?"
"இது கண்ணன் இல்லம்மா. சீமைச் சரக்கு. வெல கூட."
"கண்ணன் இல்லையா? அப்ப யாரு புள்ள?"
படிக்கட்டில் வெளிச்சம் குறைவு.
"அதுல ஒரு கேஸ் நடந்துச்சு," என்றேன்.
ஒச்சம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
பிறகு நோட்டுகளை
முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.