பொது மை

பிரேமர்ஹாஃபனில் நவம்பர் என்றால்
நான்கு மணிக்கே விளக்குப் போடவேண்டும்.
ஹென்னிங் சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து
பேனாக்களைப் படுக்கவைத்தான்,
ஏலத்துக்கு வந்த மீன்போல, தலையெல்லாம் ஒரே பக்கம்.

பழையவை அவனுடையவை.
பச்சைக் கோடு போட்ட பெலிக்கான், அவனைவிட மூத்தது.
முள்ளை முக்காடிட்டு மறைத்த பார்க்கர்.
மூடியில் பல்தடம் பதிந்த, பெயரில்லாத ஒரு கறுப்பு.
யார் கடித்தது என்றேன்.
விற்றவனுக்கே தெரியாதாம்.

புதியவை என்னுடையவை.
பள்ளிப் பிள்ளைகளின் மஞ்சள் லாமி,
வயிற்றில் மை ஆடுவது வெளியே தெரியும் தைவான் பேனா,
பொத்தானை அமுக்கினால் முள் எட்டிப் பார்க்கும் ஜப்பான் பேனா.

ஆறு மாதமாக இந்தச் சண்டை.
அந்தக் காலத்துத் தங்கம் வளைந்துகொடுக்கும் என்பான்.
அந்தக் காலத்து ரப்பர் ஒழுகவும் ஒழுகும் என்பேன்.
துறைமுக எடைமேடையில் பதிவேடு எழுதுகிறவள் நான்.
இடக்கை.
எழுதிய வரியின்மேலேயே என் கை ஊர்ந்துபோகும்.
மாலையில் சுண்டுவிரலோரம் பார்த்தால்
அன்று எத்தனை லாரி வந்தது என்று படித்துவிடலாம்.
காயாத மையைப் பற்றி எனக்கு
யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

சரி, கண்ணைக் கட்டிக்கொள்வோம் என்றேன்.
பழமைக்கும் புதுமைக்கும் பொது மை:
அடர்நீலம், ஒரே புட்டி.
எழுதவும் ஒரே வாக்கியம்.
நாளை மழை வரலாம், வராமலும் போகலாம்.

முதலில் அவன்,
மனைவி கெசினேயின் கம்பளிச் சால்வையைக் கட்டிக்கொண்டு.
நான்காவதில் நின்றான். முகம் மலர்ந்தது.
"இதுதான் என் பெலிக்கான். கேட்டாயா,
சத்தமே இல்லை. இதற்கு எழுபது வருஷம் ஆகும்."
சால்வையை அவிழ்த்தேன்.
தைவான். மூன்று வாரத்துக்கு முன் வாங்கியது.
விலைச்சீட்டின் பசைகூட இன்னும் போகவில்லை.
வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.
"ஒரே மை என்பதால் வந்த குழப்பம்" என்றான்.

பிறகு நான்.
உங்களுக்குப் பேனா இழுப்பது. எங்களுக்குத் தள்ளுவது.
ஒன்று கீறியது.
ஒன்று 'மழை'யின் நடுவில் வறண்டது.
பல்தடக்காரன் பரவாயில்லை, ஆனால் மூச்சு வாங்கினான்.
ஆறு எண்ணி முடித்தும்
கையில் இன்னொன்று வந்தது.

தள்ளினேன், தள்ளாததுபோல் போனது.
ஒரு பக்கம் தேய்ந்த படிக்கட்டில்
கால் தானாக அந்தப் பள்ளத்தில் இறங்குமே, அப்படி.
வாக்கியம் முடிந்தும் நிறுத்தவில்லை.
நாளை மறுநாளும் மழை வரலாம், அதற்கடுத்த நாளும்,
என்று எழுதிக்கொண்டே போனேன்,
காகிதம் தீர்ந்து செய்தித்தாளில் ஏறும்வரை.

"எது இது?"
அவன் பேசவில்லை. நானே அவிழ்த்துப் பார்த்தேன்.
மங்கிய சாம்பல் நிறம். கொக்கி உடைந்திருந்தது.
"கெசினேயுடையது. ரொட்டிப் பெட்டிமேல் கிடக்கும்.
சும்மா விளையாட்டுக்குக் கொடுத்தேன்."
பழையதா, புதியதா?
"இரண்டுமில்லை. ஏதோ வங்கி இலவசமாகக் கொடுத்தது,
தொண்ணூற்றொன்றிலோ என்னவோ."

அவளும் இடக்கை என்று
இந்த ஆறு மாதத்தில் அவன் சொன்னதே இல்லை.
தீப்பெட்டி, கேரட், பூனைக்கு மீன் என்று
முப்பது வருஷம் கடைச்சீட்டு எழுதி எழுதி
முள்ளை என் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறாள்,
நான் யாரென்றே தெரியாமல்.

சைக்கிளைச் சாத்திவிட்டு ஈரத்தோடு உள்ளே வந்தவளிடம்
விலை கேட்டேன்.
"அப்புறம் நான் எதில் எழுதுவது?" என்றாள்.
நியாயம்தான்.
என் மூன்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது வியாழக்கிழமைதோறும்
அந்த வீட்டுக் கடைச்சீட்டை நான்தான் எழுதுகிறேன்.
அடுப்படியிலிருந்து அவள் சொல்லச் சொல்ல.
வெங்காயம் என்கிறாள்.
எத்தனை என்று கேட்கிறேன்.
பதினேழு என்றால், எண்ணால் எழுதுவதில்லை,
எழுத்தால்.