கேள்விக்குறிக்குப் பிறகு

உள்துறைமுக வீதியில் படகு இஞ்சின் விற்கும் கடை.
கண்ணாடிக்கு வெளியே ஒரு புள்ளிமான்
மட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டு நிற்கிறது.
உள்ளே நான் ஒரு கேள்விக்குறியைத் தட்டுகிறேன்.

கேட்பதற்கல்ல.
இந்த வேலையில் கேள்விக்குறிக்குப் பின்னால்
பதில்கள்தான் வரிசைகட்டும்:
பெயர், சமக்குறி, ஆளின் பெயர்.
படகு, சமக்குறி, பதிவெண்.
குதிரைவலு, சமக்குறி, நாற்பது.
இடையில் ஒவ்வொரு &,
கயிற்று முடிச்சு மாதிரி.

விரல் பட்டதும் படிவம் திறக்கும்,
கட்டங்கள் நிரம்பியே இருக்கும்.
ஈரக் கையோடு கரையில் நிற்கிறவருக்கு
எழுத்துக்கூட்டும் பாடு இல்லை.
"ஆக்களுக்குச் சுகம்" என்றார் நௌஸாத் முதலாளி.
பாடெல்லாம் எனக்கு:
வெற்றிடத்துக்கும் ஒரு குறி வேண்டும்.
சூ என்ற ஒற்றை எழுத்து
பதினெட்டுத் துண்டாய் உடைந்துதான்
அந்த வழியால் போகும்;
மற்றக் கரையில் ஏறி
ஒன்றுமே நடவாததுபோல் சூ ஆகும்.

வாடைக்கு முன்னம் இஞ்சினைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி
நானூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள்,
வெள்ளி பின்னேரம் அனுப்பினேன்.

சனி காலை திருக்கடலூரிலிருந்து போன்.
"தங்கச்சி, என்ர பொடியள் எங்க?"

பிழையான எண்ணாக்கும் என்றிருந்தேன்.
"சூசைதாசன் அன்ட் மகன்மார் எண்டெல்லே பதிஞ்சது.
இதில நான் மட்டும் நிக்கிறன்."

திறந்து பார்த்தேன்.
பெயருக்குள் இருந்த & ஐ
முடிச்சென்று நினைத்து
அவ்விடத்திலேயே வெட்டிவிட்டது மென்பொருள்.
மகன்மார் என்றொரு கட்டத்தைத் தேடியிருக்கிறது.
படிவத்தில் அப்படியொன்று இல்லை.
பிழையென்றுகூடச் சொல்லாமல்
விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் உம்மைத்தொகை படித்தேன்.
உம் மறைந்தாலும் தாய்தந்தை இருவரும் இருப்பார்கள்.
இங்கேயோ உம்மை மறைக்காவிட்டால்
பின்னால் வருகிறவர்கள் காணாமற் போகிறார்கள்.
இல்லை,
அந்தச் சொல்லை இந்த ஊரில் சும்மா எழுதக்கூடாது.
விடுபடுகிறார்கள்.

%26
என்று மாற்றி மறுபடி அனுப்பினேன்.

பின்னேரம் அவருடைய படிவம் வந்தது.
பெயர், தொடவில்லை: சூசைதாசன் & மகன்மார்.
படகு, தொடவில்லை.
நான் நிரப்பிய நாற்பதை அழித்து
பதினைந்து என்று போட்டிருந்தார்.
குறிப்பு என்ற கடைசிக் கட்டம்,
அதற்குள் நான் எதையும் அனுப்புவதில்லை.
அதில்:

"பெரிசு ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கிற சாமான்.
பொடியள் இத்தாலிக்குப் போய் மூண்டு வருசம்.
பழசை எடுத்துக்கொண்டு சின்னன் தர ஏலுமோ.
பேரை மாத்தவேண்டாம்."

பதிவிலும் நாற்பதைப் பதினைந்தாக்கினேன்.
அடுத்த வருடம் அது தானாகவே நிரம்பும்.

மான் பெட்டியின் மற்றப் பக்கத்துக்கு வந்துவிட்டது.
பழைய நாற்பதுக்கு முதலாளி என்ன தருவார்?
தெரியாது.
கேட்கவேண்டும்.