நேரத்தாள்

பிராட்ஃபோர்ட், ஆறாம் நம்பர் அறை.
பத்து மணிக்கு என்றார்கள்,
பத்தே முக்காலுக்குத் தொடங்கினார்கள்.
அந்த முக்கால் மணிக்கும் எனக்குக் கூலி உண்டு,
புவிதரனுக்குத்தான் இல்லை.

காத்திருக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார்:
இந்தத் தண்ணிப் போத்தலில
ஸ்டில் எண்டு போட்டிருக்கே அக்கா, அதென்ன?
மொழிபெயர்க்க வந்தவள் கதை வைக்கக் கூடாது என்பது விதி.
தண்ணீரைப் பற்றிக் கதைக்கலாம் என்று
நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு
'அசையாதது, குமிழி இல்லாதது' என்றேன்.
போத்தலை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார்.
உள்ளே கூப்பிட்டபோது கையோடு கொண்டுவந்தார்.

முதல் கேள்வியிலேயே சின்ஸ்.
தம்பியைக் கொண்டுபோன சின்ஸ்
நீங்கள் வீட்டில் படுக்கவில்லை, சரியா?
கேட்டுவிட்டுத் திருமதி ஹாலிவெல்
பேனா மூடியைக் கடிக்கிறார்.

கொண்டுபோனதில் இருந்து என்றால் நாட்காட்டி.
கொண்டுபோனதால் என்றால் காரணம்.
அவர்களுடைய சொல்
கல்யாண வீட்டில் இரண்டு பந்தியிலும் உட்காருகிறது.
நான் ஒரு விகுதியைத் தவறி எடுத்தால்
ஒருவருடைய பயம் வெறும் திகதியாகிவிடும்.
மூன்று நொடி தருவார்கள்.
'இருந்து' என்றேன்.

அதிலயிருந்து, என்றார் புவிதரன்.
கொஞ்சம் விட்டு, அதாலயும்.

இரண்டையும் அவர்கள் மொழியில் போட்டால்
திரும்பவும் ஒரே சின்ஸ்.
பிரித்து, பின்னால் ஒரு பிகாஸ் வைத்தேன்.
கேட்காததற்கு ஏன் பதில் என்று
ஹாலிவெல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அவரை அல்ல.

பிஃபோர் பற்றி எனக்குக் குறையில்லை.
போருக்கு முன், நீதிபதிக்கு முன்.
அந்த ஒரு சொல்லில் இரண்டு மொழியும்
காலத்தையும் இடத்தையும் சேர்த்தே கட்டிவைத்திருக்கின்றன.
அதில் மட்டும் யோசிக்காமல் நடந்தேன்.

எந்த மாதம்?
மேயா இருக்கலாம்.
இட் மே ஹாவ் பீன் மே.
சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது:
ஐந்தாம் மாதத்துக்கு இவர்கள் வைத்த பெயரே
'இருக்கலாம்'.
ஹாலிவெல் சிரித்தார். கெட்ட மனுசி இல்லை.
பெரிய எழுத்தில் ஒரு மே, சின்ன எழுத்தில் ஒரு மே எழுதி
சின்னதன் கீழே கோடு போட்டார்.

தம்பியை லாஸ்டாகக் கண்டது எப்போது?
அது எவ்வளவு நேரம் லாஸ்ட் ஆனது?
முதல் மூச்சில் வினையடை, அடுத்த மூச்சில் வினை.
முடிவதும் நீடிப்பதும் அவர்களுக்கு ஒரே ஓசை.
ஒரு பீடி பத்தி முடியிற நேரம், என்றார்.
நிமிடத்தில் சொல்லச் சொல்லுங்கள்.
அவன் பீடி குடிக்கிறேல்ல, என்றார்.

மதியத்துக்குச் சற்று முந்தி
கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீதிபதி தானே கேட்டார்,
மெதுவாக:
ஆர் யூ ஸ்டில் அஃப்ரெய்ட்?

'இன்னும்' என்று வாயெடுத்தேன்.
புவிதரன் எனக்காக நிற்கவில்லை.
சொல் அவருக்குத் தெரியும்.
கையெட்டும் தூரத்தில் நின்றது, நீல லேபிளோடு.

ஓம் ஐயா. அசையாமல் பயப்பிடுறன்.

கூட்டாமல் குறைக்காமல் என்று
காலையில் சத்தியம் செய்தவள் நான்.
எஸ், என்றேன். ஸ்டில்.
கூட்டவில்லை. குறைத்தேனா தெரியாது.
பதிவில் அது 'இன்னும்' என்றுதான் ஏறியிருக்கும்.

நேரத்தாளில் ஃப்ரம் பத்து,
அன்டில் பன்னிரண்டு நாற்பது.
'காத்திருப்பு' என்ற பெட்டிக்குள் நாற்பத்தைந்து எழுதினேன்.
போத்தல் மூடி திறக்காமல் மேசையிலேயே இருந்தது.

வெளியே மழை, மஞ்சள் கல் கட்டடம் கறுத்துக்கொண்டு வந்தது.
முடிவு எப்ப வரும், என்றார்.
இன் டியூ கோர்ஸ் என்றார் வாசலில் நின்ற எழுத்தர்.
'உரிய காலத்தில்' என்றேன் நான்.

அது எத்தினையாம் திகதி அக்கா?