உட்பிரிவு

கல்லலுக்கு வடக்கே, பஸ் திரும்பும் இடத்தில்
புல எண் இருநூற்றுப் பதினான்கு.
பதிவேட்டில் மந்தைப் புறம்போக்கு.
மூன்று வருஷமாக நூற்று நாற்பத்து நான்கு.

இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லி உத்தரவு.
நாடாவும் கொடிக்கம்புமாகப் போனேன்,
கூட ஒரு தலையாரி.
செம்புறாங்கல் தரை காலை எட்டுக்கே
செருப்பைத் தாண்டிச் சுட்டது.
நடுவில் ஒரு கல், இடுப்பளவு.
வரைபடத்தில் அதற்கு ஒரு புள்ளிகூட இல்லை.

மேலத் தெரு அடைக்கலங்காத்தான்
மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:
"தாது வருசத்துல எங்க சேவுகன் விழுந்த எடம்.
மாடு ஓட்ட வந்தவங்கள மறிச்சு நின்னவன்,
கொடலு சரிஞ்சு கெடந்து
தண்ணி தண்ணின்னு கேட்டிருக்கான்.
கீழத் தெருக்காரி ஒருத்தி
கொட்டாங்கச்சியில கொண்டாந்தா.
வாய்கிட்ட வரைக்கும் கொண்டாந்தா.
மொகத்தப் பாத்தா.
கவுத்துட்டா.
கல்லுல அவன் உருவம் இருந்துச்சு.
தேச்சு அழிச்சது அவுகதான்."
நேற்று செத்த தம்பியைச் சொல்வதுபோல
துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கீழத் தெருவில் மோர் இல்லை,
கடையிலிருந்து கலர் வாங்கி வந்தார்கள்.
வார்டு உறுப்பினர் பாக்கியத்தம்மாள்
நின்றுகொண்டே பேசினார்:
"அது சுமைதாங்கி. ஒத்தக்காலு.
மத்த ரெண்டும் அவுக வாசப்படியில கெடக்கு,
போய்ப் பாருங்க.
பொன்னழகி, நெறமாசம்,
வெறகுக் கட்டோட விழுந்தா. தண்ணி கேட்டா.
கொண்டாந்தவன் கவுத்தான்."

எதில் கொண்டுவந்தான் என்று கேட்டேன்.
"கொட்டாங்கச்சி. ஓரம் பிஞ்சது."

மறுநாள் மேலத் தெருவுக்குப் போய்
அந்தக் கொட்டாங்கச்சி எப்படி இருந்தது என்றேன்.
அவர் யோசிக்கவே இல்லை.
"ஓரம் பிஞ்சிருந்துச்சு.
இத யாரு சொன்னா ஒங்களுக்கு?"

அறிக்கையில் இதற்குக் கட்டம் கிடையாது.
நீளம், அகலம், ஆக்கிரமிப்பு.
உள்ளபடி எழுதினால்
மூன்று வருஷமாக, யார் ஆட்சேபணையும் இல்லாமல்,
அனுபவ பாத்தியம் சீமைக்கருவேலுக்கு.

இரண்டு தெருவிலும் என்னைக் கேட்டார்கள்:
"ஒங்களுக்கு எந்த ஊரு?"
ஊரைத் தெரிந்துகொள்ள அல்ல.
ஆம்பூர் பக்கம் என்றேன்.
பதில் பற்றாமல்
அப்பா பெயரையும் கேட்டார்கள்.

கோடு சரியாகக் கல்லின் மேல் விழுகிறது.
இரண்டு தடவை அளந்துவிட்டேன்.
ஒரு முழம் தள்ளிப் போடலாம்தான்,
எந்தப் பக்கம் தள்ளினாலும்
இன்னொரு நூற்றைம்பது வருஷம்.

உச்சி வெயில். தலையாரி பாட்டிலைத் திறந்தான்.
குடிக்குமுன் கல்லடியில்
கொஞ்சம் ஊற்றினான்.
எதுக்கு என்றேன்.
"பழக்கம் சார்."

நீ எந்தத் தெரு என்று கேட்க
வாயெடுத்துவிட்டேன்.
நாடாவைச் சுருட்டத் தொடங்கினேன்,
அது கல்லில் மாட்டிக்கொண்டு
வர மறுத்தது.