அறுபத்தாறு அடி

மகாதேவபுராவில், நான்காவது மாடியில்,
இரவு ஒன்பதே முக்காலுக்கு மிசூரி ஆற்றைத் திறக்கிறேன்.
ஸ்கேன் செய்த தாள். கரையான் தின்ற ஓரம்.
மூலையில் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறு.
அளந்தவன் பெயர் படிக்க முடியவில்லை.
கையெழுத்து மட்டும் சாய்ந்து சாய்ந்து
மேற்கே போய்க்கொண்டிருக்கிறது.

எளிய வேலைதான்.
அவன் நடந்த கோட்டின் மேல் என் மவுஸை நடத்த வேண்டும்.
ஓடைக்கு நீலம், சதுப்புக்குச் சாம்பல், மரத்துக்கு ஒரு புள்ளி.
தாளுக்கு நாற்பத்தெட்டு ரூபாய்.
பிழை என்று திரும்பினால் முப்பது.

'பதினான்காம் சங்கிலியில் ஓடை, அகலம் முப்பது கண்ணி.
இருபத்திரண்டில் ஓக் மரம், பட்டையில் குறி வெட்டினேன்.
முப்பத்தொன்றில் ஒற்றையடிப் பாதை, தென்மேற்காகப் போகிறது.
பிறகு புல்வெளி. முதல்தர மண்.'

போகிறது என்று எழுதியவன்
யார் போகிறார்கள் என்று எழுதவில்லை.
என் மெனுவில் சாலை உண்டு, ரயில் உண்டு,
வேலி உண்டு, வணிகச் சாவடி உண்டு.
பாதை இல்லை.
டீம் லீட் பெனகப்பாவிடம் கேட்டேன்.
அவர் ஒமாஹாவுக்கு எழுதிக் கேட்டார்.
விடிவதற்குள் பதில்:
பிற என்று போடுங்கள். அல்லது விட்டுவிடுங்கள்.

சில கோப்புகளில் சாவடிக் கணக்கும் ஒட்டிக்கொண்டு வரும்.
போர்வை ஒன்றுக்குத் தோல் மூன்று.
நீல மணி இரண்டு சரத்துக்குத் தோல் ஒன்று.
எங்கோ ஒரு நகரத்தில் தொப்பி போடுவதற்காக
இங்கே ஓடை ஓடையாகச் செத்த பீவர்கள்.
"ரசல் மார்க்கெட்டுல விட்டிருந்தா
இதைவிட நல்லா பேரம் பேசியிருப்பேன்" என்றாள் நிலோஃபர்.
சிரித்தோம்.
அதே சாவடியருகே முக்கோணம் முக்கோணமாய்க் கூடாரங்கள்,
எண்ணினேன், நாற்பத்தொன்று.
இருபது வருடம் கழித்து வரைந்த தாளில் அதே ஆற்று வளைவு.
முக்கோணம் ஒன்றுகூட இல்லை.
அம்மை என்றோ துரத்தினோம் என்றோ ஒரு சொல் இல்லை.
'குடியேறத் தகுந்தது' என்றிருந்தது,
அழகான எழுத்தில்.

ஐந்தரைக்கு வண்டி என்னைப் பனத்தூர் ரயில் பாலத்தடியில் இறக்கிவிடும்.
புது லேஅவுட். சுண்ணாம்புக் கோடுகள், முப்பதுக்கு நாற்பது,
முப்பதுக்கு நாற்பது, முப்பதுக்கு நாற்பது,
கண்ணுக்கு எட்டும்வரை, அதற்குமேல் ஜேசிபி.
வங்கி கடன் மறுத்த அன்று
அக்காள் கணவர் பழைய கிராம வரைபடம் ஒன்றை இறக்கிக் காட்டினார்.
அதே சங்கிலி. அறுபத்தாறு அடி, நூறு கண்ணி.
எங்கள் சமையலறை இருக்கும் இடத்தில்
சின்னச் சின்ன அலைகள் போட்டிருந்தது.

போன ஐப்பசியில் குளியலறை ஜாலியிலிருந்து
ஒரு தவளை ஏறி வந்து என்னைப் பார்த்தது.
விளக்குமாற்றால் துரத்தினேன்.
நான்தான் துரத்தினேன்.

இன்று ஆடுகள் வந்தன.
நாற்பது இருக்கும், பின்னால் தலைத்துண்டோடு ஓர் ஆள்,
காதில் போன், கன்னடத்தில் யாரையோ திட்டிக்கொண்டு.
காலி மனைகளுக்குக் குறுக்கே நேராக வந்தவை
எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால்
சட்டென்று வளைந்தன.
அங்கே சுவர் இல்லை, குழி இல்லை, நாய்கூட இல்லை.
ஒன்றுமில்லாததைச் சுற்றிக்கொண்டு
ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல்.
அந்த ஆளும் பேச்சை நிறுத்தாமலே வளைந்தான்.
கரை இருந்த இடம்.

மறுநாள் இரவு முப்பத்தொன்றாம் சங்கிலிக்குப் போனேன்.
பிற.
ஒரு பிக்ஸல் அகலத்தில், தென்மேற்காக,
தாளின் விளிம்புவரை.

பிழை என்று திரும்பி வந்தது. முப்பது ரூபாய்.
பக்கத்துத் தாள் நிலோஃபருக்குப் போயிருக்கிறது.
டீ குடிக்கும்போது கேட்டாள்:
"உன் பாதை என் பக்கம் வருதே, என்ன செய்யட்டும்?"