உப்பு மூட்டை

சட்பரியில் பனி இரவில்தான் கொட்டும்.
காலை ஐந்தரைக்கு நான் வேலைக்கு இறங்கும்போது
வாசலிலிருந்து வீதிவரை
யாரோ வழித்து வைத்திருப்பார்கள்,
ஓரமெல்லாம் பாண் வெட்டினதுபோல நேராக.
நகரசபை என்றுதான் மூன்று வாரம் நினைத்திருந்தேன்.
நகரசபை யாருடைய படியையும் கூட்டாது.

முந்தின வருஷம் மே மாதம் ஆரபி போனாள்.
பத்தொன்பது வயதுப் பொடியன், கையில் போன்,
சிவப்பு விளக்கைக் காணாத ட்ரக்.
நீதிமன்றத்தில் அவன் அழுதான்.
எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தோனியாரை
அலுமாரியில் சுவர் பார்க்க நிறுத்தியிருக்கிறேன்.
தொலைந்ததெல்லாம் தேடித் தருகிறவர்;
என் முகத்தில் விழிக்க அவருக்கும் கூச்சமாக இருக்கும்.
பூசைக்குப் போவதை மட்டும் விடவில்லை.
எல்லோரும் சேர்ந்து சொல்லும் செபத்தில்
மன்னிப்பு வரும் வரியில்
எனக்கு இருமல் வரும்.
வேறு வரிகளில் வராது.

தை மாதம், மைனஸ் இருபத்தெட்டு.
நித்திரை வராமல் திரையை விலக்கினேன்.
தெருவிளக்கின் கீழ் குனிந்த ஒரு முதுகு.
ஆறு நாள் எனக்கு முன்வரிசையில்
பார்த்துப் பார்த்து மனப்பாடமான முதுகு.
ரேஜான். பொடியனின் தகப்பன்.
கதவைத் தட்டவில்லை, யன்னலை நிமிர்ந்து பார்க்கவில்லை.
மூச்சு மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

கத்திக் கலைக்கத்தான் கீழே இறங்கினேன்.
கால் சப்பாத்தைத் தேடியது.
தேடிக்கொண்டே நின்றேன்
அவர் போகும்வரை.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை
ஐஸுக்குப் போடும் உப்பு வாங்கினேன், இருபது கிலோ.
தள்ளுவண்டில் எடுக்க மறந்து முதுகில் ஏற்றினேன்.
ஏற்றின கையோடு
கார் நிறுத்துமிடத்தின் நடுவில் நின்றுவிட்டேன்.
ஆறு வயதில் ஆரபி தொங்கின இடம் அது,
'உப்பு மூட்டை, அம்மா, உப்பு மூட்டை' என்று
கழுத்தை நெரித்தபடி.
பின்னால் வந்த கார் ஹோர்ன் அடிக்கவில்லை.
காத்து நின்றது.

மூட்டையை வாசற்படியில் வைத்தேன்,
வாயைக் கத்தரித்து, அள்ள ஒரு பழைய பால்பேணியும் போட்டு.
கடிதம் ஒன்றும் எழுதவில்லை.
மன்னித்தேனா என்று கேட்காதீர்கள்.
உப்பு வைத்தேன்.
அந்த மனிதர் வழுக்கி விழக்கூடாது என்று
எனக்குப் பட்டது;
எனக்கே அது புதினம்.

விடிய, படியெல்லாம் உப்பு.
ஈரம் படாமல் மூட்டையின் வாயைக்
கயிற்றால் கட்டிவிட்டுப் போயிருந்தார்.

ஞாயிறு, அந்த வரியில் இருமினேன்.
சின்ன இருமல்.

அந்தோனியாரை முழுதாகத் திருப்பவில்லை.
கொஞ்சம். யன்னல் தெரியுமளவுக்கு.
இன்றிரவும் பனி என்கிறது வானொலி.