தாய்மாமன் முகத்தில் ஒரு வாசல்

பங்குனி பாதியில்
என் ஜெராக்ஸ் கடை வாசல் பல்பு ஒயரில்
ஒட்டடை ஒன்று தொங்கியது.
தட்டிவிடத் துடைப்பத்தை ஓங்கினேன்.
ஒட்டடைக்குள்ளிருந்து
ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது.

தேன்சிட்டு.
கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஒன்று
லாரன்ஸ் ரோட்டில் வந்து குடியேற
என்ன கணக்குப் போட்டதோ.
நெல்லிக்குப்பம் பஸ் அடிக்கிற ஹாரனில்
என் கடைக் கண்ணாடியே அதிரும்.
சுரங்கப்பாதை மேடேறும் ஆட்டோக்கள் எல்லாம்
என் வாசலில்தான் கியர் மாற்றும்.

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன்.
சிலந்தி நூல், வேப்பம்பட்டைச் சிராய்,
கம்பளிப்பூச்சியின் எச்சம்,
நடுவே என் கடைத் தாள் நறுக்கு ஒன்று.
அதில் 'த/பெ' என்பது மட்டும் தெரிந்தது.
பெயர் கிழிந்துபோயிருந்தது.

தகப்பன் வேறெங்கும் போய்விடவில்லை.
எதிரில் நிற்கும் பைக் கண்ணாடியில்
தன்னைப் போலவே மஞ்சள் வயிற்றோடு இருக்கும்
இன்னொருவனைக்
காலை முழுக்கக் கொத்திக்கொண்டிருந்தான்.
அடைகாப்பது அவள் வேலை.

அன்றோடு வாசல் பல்பை அணைத்தேன்.
ஷட்டர் தண்டவாளத்துக்கு இரண்டு முறை கிரீஸ்.
இரவில் இழுத்து மூடும்போது
தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துகிற வேகம்.
"கரண்ட் இல்லியா?" என்றவர்களிடம்
"பிரசவம்" என்றேன்.
ஒருவர் சர்க்கரை ஆஸ்பத்திரியா தனியாரா என்று விசாரித்தார்.
அவசரத்தில் சர்க்கார் என்று சொல்ல வந்திருப்பார்.

கேபிள் முபாரக் ஏணியோடு வந்தான்,
பழைய ஒயரை எல்லாம் உருவிவிடும் உத்தரவோடு.
ஏறினான். இறங்கினான்.
"ரெண்டு முட்டைக்கா. மொச்சக்கொட்டை சைஸ்கூட இல்ல"
என்றான் குரலைத் தாழ்த்தி.
ரெஜிஸ்டரில் என்னமோ எழுதிக்கொண்டு போனான்.
'கடை பூட்டியிருந்தது' என்று
பிறகு தெரிந்தது.

குஞ்சு பொரித்த நாலாம் நாள்
பேனர் வந்தது.
காதணி விழா, இருபதடி அகலம்,
என் பலகையிலிருந்து மின்கம்பம் வரை
கூட்டுக்கும் வானத்துக்கும் நடுவே
இழுத்துக் கட்டிவிட்டார் கலியன்.
பகல் பதினொன்று.
பேனருக்கு வெளியே தாய்
வாயில் பூச்சியோடு மேலும் கீழும் அலைகிறாள்.
உள்ளே இரண்டு வாய் திறந்தபடி.

"அவுத்துடுண்ணே."
"காசு வாங்கிட்டேம்மா. வேணும்னா
காத்துக்கு ஓட்டை போடறாப்ல ஒண்ணு போடறேன்."
பிளேடை எடுத்து உள்பக்கம் நின்று
கூட்டுக்கு நேராக அரைவட்டம் அறுத்தார்.
வெளியே போய்ப் பார்த்தோம்.

தாய்மாமன் தணிகாசலத்தின்
மீசையும் வாயும் இருந்த இடத்தில்
என் கடை இருட்டு தெரிந்தது.

சாயங்காலம் அவரே வந்தார்,
கூட நாலு பேர்.
சீர் வரிசைக்கு ஆன செலவைச் சொன்னார்.
தங்கை வீட்டில் தன் மரியாதை என்னவென்று சொன்னார்.
"எவன்டா அறுத்தது?"
கலியன் கம்பத்துக்குப் பின்னால்.
நான் கல்லாவுக்குப் பின்னால்.
அப்போது அவள் வந்தாள்.
யாரையும் மதிக்காமல், நேராக
அவர் வாய்க்குள் நுழைந்தாள்.
கீச்சென்று ஒரு சத்தம் உள்ளேயிருந்து.
வெளியே வந்தாள், போனாள்,
மறுபடி புழுவோடு வந்தாள்.

அவர் எண்ணிக்கொண்டிருந்தார் போல.
ஏழாவது தடவையில் செருப்பைக் கழற்றிவிட்டு
என் படியில் உட்கார்ந்தார்.
"ரொம்பச் சோறு போடறேன் போலிருக்கு" என்றார்.
கூட வந்த நாலு பேருக்கும்
சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

விழா முடிந்தும் பேனரை
அவர் ஆட்கள் கழற்றவில்லை.
வெயிலுக்கு நிழலாச்சே என்று சொல்லியனுப்பினார்.
நகராட்சி ஆள் கேட்டபோது
அபராதம் கட்டிய ரசீதை
என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார்,
நாலு காப்பி.

ஒரு குஞ்சு விழுந்து செத்தது.
பழைய ஜாதகக் கட்டம் பிரின்ட் ஆன தாளில்
மடித்து எடுத்துப்போய்ப் புதைத்தேன்.
மற்றது பறந்ததை நான் பார்க்கவில்லை.
அந்த நேரம் யாருடைய ஆதார் அட்டையையோ
முன்பக்கம் எடுத்துப்
பின்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தபோது ஒயர் மட்டும் ஆடியது.

பல்பை இன்னும் போடவில்லை.